கடைசிக் குழாய் வரைக்கும்: ஊர் சுகாதாரமும் உள்ளாட்சியும்

எந்த ஊர் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஆஸ்பத்திரியில டாக்டரே இருக்கறதில்ல, தலைவர் என்ன பண்றீங்க?" தலைவர் சங்கடமாகச் சிரிப்பார். "மேல எழுதிப் போட்டிருக்கோம்" என்பார். அவர் மழுப்புகிறார் என்று கூட்டம் நினைக்கும். ஆனால் அவர் சொல்வதில் பெரிய பொய் இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. டாக்டரை நியமிப்பது, மாற்றுவது, மருந்து வாங்குவது எல்லாமே மாநில அரசின் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே வாசல் கூட்டுகிறவரைக்கூட இவரால் மாற்ற முடியாது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 29 துறைகளைப் பட்டியல் போட்டது. அதில் 23-ஆவது, மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்பட சுகாதாரம். ஆனால் ஒப்படைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கேரளம் ஒப்படைத்தது. தமிழ்நாடு தன்னிடமே வைத்துக்கொண்டது.

வைத்துக்கொண்டதால் கெட்டுப்போனதா என்றால், இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம், அதற்கென்று தனி அதிகாரிகள் என்ற அமைப்பு இங்கே பழையது. 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் நாட்டிலேயே முதலாவது என்பார்கள். வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் இன்றைக்கும் நோட்டீஸ் வருவது அந்தச் சட்டத்தின் கீழ்தான். 1994-ல் தொடங்கிய மருத்துவ சேவைக் கழகம் மருந்து கொள்முதலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அதனால் "ஆஸ்பத்திரியை ஊராட்சியிடம் கொடுங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஊராட்சியின் கையில் ஏற்கனவே இருக்கிற வேலைகளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் வராமல் தடுக்கிற வேலைகள். அவை ஏன் அரைகுறையாகவே நடக்கின்றன?

முதலில் தண்ணீர்த் தொட்டி.

ஊருக்கு நடுவில் நாலு தூண் மேல் நிற்கிற 30,000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் ஏற்றுகிறவர், வால்வு திறக்கிறவர், மருந்து கலக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். டேங்க் ஆபரேட்டர் என்று ஊரில் சொல்வார்கள். ஊராட்சி கொடுக்கிற சம்பளம், அதுவும் சொற்பம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு. 30,000 லிட்டருக்கு 120 கிராம். பக்கெட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபிறகு மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் விட்டுவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்ல அந்த அவகாசம் தேவை.

நடப்பது எப்படி? கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும், தொட்டி நிறைவதற்குள்ளேயே கீழே குடங்கள் வரிசைகட்டி நிற்கும். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் சண்டைதான். தினமும் தூண் ஏணியில் பக்கெட்டோடு ஏறுவது ஆபத்தான வேலை. ஏறினால் குத்துமதிப்பாக ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு இறங்குவார். மருந்து கூடிவிட்டால் "தண்ணி வாடை அடிக்குது, டீயே நல்லா இல்ல" என்று தெருவே திட்டும். குறைந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆக, குறைத்தே போடுவதுதான் அவருக்கு நிம்மதி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. புது பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்துவிட்டால் ஈரமும் வெயிலும் பட்டு வீரியம் இறங்கிக்கொண்டே போகும். தொட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் நிரப்பினால் மாதத்துக்கு 7 கிலோ சொச்சம் செலவாகும். 25 கிலோ மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் வரும். அத்தனை நாளும் அது வாய் திறந்தபடி மோட்டார் ரூம் மூலையில், ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்தால் கடைசி மாதத்தில் தொட்டிக்குள் விழுவது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புதான். பதிவேட்டில் "மருந்து கலக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். அது பொய்யும் அல்ல!

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குச் சின்னப் பெட்டி ஒன்று உண்டு, குளோரோஸ்கோப் என்று பெயர். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, பாட்டில் மருந்தில் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். பக்கத்தில் இருக்கிற நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். குடிக்கிற இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. முக்கியம், இதைத் தொட்டிக்கு அடியிலிருக்கிற குழாயில் பார்க்கக் கூடாது. பைப்லைன் முடிகிற கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். வழியில் எங்காவது பைப் உடைந்து சாக்கடை கலந்தால், மிச்சக் குளோரின் அங்கேயே தீர்ந்துபோயிருக்கும்.

அந்தக் கடைசிக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் காலனியில் இருக்கும். லைன் ஊருக்குள் தொடங்கி அங்கே போய் முடியும். அழுத்தம் குறைந்து, நேரம் குறைந்து, மருந்தும் குறைந்து போய்ச் சேரும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்தது எப்படி வெளியே வந்தது என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு முடியாமல் போய், தண்ணீர் மேல் சந்தேகம் வந்து, தொட்டியில் ஏறிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. யார் செய்தது என்பது வழக்கில் இருக்கிற விஷயம். அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று குழந்தைகளின் வயிறு சொல்லும்வரை நம் ஏற்பாடு எதுவும் சொல்லவில்லை என்பதைச் சொல்ல எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கொசு. இங்கே கதை தலைகீழ்: தேவையில்லாத ஆர்ப்பாட்டம் நிறைய.

டெங்கு வந்துவிட்டது என்றால் முதலில் வருவது புகை வண்டி. எங்கள் தெருவிலும் வரும். குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள், கவுன்சிலர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். புகை, பறந்துகொண்டிருக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணிகளுக்கு நடுவிலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் போகிற புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டால், உள்ளே அது பத்திரம். அது முட்டை இடுவது சாக்கடையில் இல்லை, நல்ல தண்ணீரில்: சிமெண்ட் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டைமாடி டயர், தேங்காய்ச் சிரட்டை. முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் வீடு வீடாக வந்து தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிற பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், உள்ளாட்சி கொடுக்கிற தினக்கூலிக்கு வருகிறவர்கள். பையில் கொசுப்புழுவைக் கொல்கிற அபேட் மருந்து, கையில் நோட்டு. வாரத்துக்கு ஒரு தடவை அதே வீட்டுக்கு அவர்கள் வந்துவிட்டால் கொசுவின் சுற்று அறுந்துவிடும். காய்ச்சல் வந்தபிறகு நூறு பேரைத் திரட்டுவதைவிட, ஜூன் மாதத்திலிருந்தே பத்துப் பேரை விடாமல் அனுப்புவது மேல். ஆனால் காய்ச்சலே வராத ஜூனில் அந்தப் பத்துப் பேருக்குக் கூலி கொடுத்ததற்கு எந்தக் கவுன்சிலரும் கைதட்டு வாங்கியதில்லை. "எதுக்கு வெட்டிச் செலவு" என்றுதான் கேட்பார்கள். புகை வண்டிக்கு அந்தக் கேள்வி வராது.

2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு 23,000 பேருக்கு மேல் தாக்கி, அரசுக் கணக்கிலேயே 65 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு எந்த ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி ஒன்பதில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை ஆனது. அதனால்தான் டெங்கு பரவியது என்று நான் சொல்ல வரவில்லை. தேர்ந்தெடுத்த ஆட்கள் இருந்த ஆண்டுகளிலும் டெங்கு வந்திருக்கிறது. ஆனால் தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த, பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிற தனி அலுவலருக்கு எந்த வீட்டுக் கிணறு பாழடைந்து கிடக்கிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிய வழியில்லை. வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவர் தெருதானே. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள்.

பணமும் இதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. 15-ஆவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்குத் தருகிற மானியத்தில் 60 விழுக்காடு தண்ணீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிவைத்தது. அது போக, 2021 முதல் 2026 வரைக்கும் நாடு முழுக்க உள்ளாட்சிகள் வழியாக மருத்துவத்துக்கு என்றே 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத உள்ளாட்சிக்கு அடிப்படை மானியம் கிடையாது என்பதும் அதே நிதி ஆணைய விதிதான். பணம் வந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் பிளீச்சிங் பவுடர் வாங்கவும் முடியாது. தலைவர் தலித்தாகவோ பெண்ணாகவோ இருந்து, துணைத்தலைவர் ஊர்ப் பெரியதனக்காரராக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கேரளத்துக்கு வருவோம். 1996-ல் அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் போயின. "பஞ்சாயத்து மெம்பர் எங்களுக்கு உத்தரவு போடுவதா" என்ற முணுமுணுப்பு டாக்டர்கள் தரப்பில் இருந்தது. 2017-ல் ஆர்த்ரம் திட்டம் வந்து சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றி, வெளிநோயாளிப் பிரிவைச் சாயங்காலம் 6 மணி வரை நீட்டியபோது, அதற்குத் தேவைப்பட்ட கூடுதல் டாக்டரையும் நர்சையும் பல இடங்களில் பஞ்சாயத்துகளே தங்கள் காசில் வைத்துக்கொண்டன. கூலி வேலைக்குப் போகிறவர் காலை 10 மணிக்கு வரிசையில் நிற்க முடியாது என்பது திருவனந்தபுரத்துக்குத் தெரிவதற்கு முன்னால் வார்டு மெம்பருக்குத் தெரியும்.

ஆனால் கேரளத்தில் நான் பார்க்கச் சொல்வது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இல்லை. படுக்கையில் கிடக்கிறவர்களின் வீட்டை.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சேர்ந்து வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய்க்காரர்கள் வலி மருந்துக்காகப் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. வர முடியாதவர்கள் வீட்டிலேயே துடித்தார்கள். அப்புறம் மலப்புறம் பக்கத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கூடி, அவரவர் ஊரில் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஏற்பாட்டைச் செய்தார்கள். 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஆக்கியது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் திட்ட நிதியில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை வைத்து, வண்டி ஏற்பாடு செய்து, வீடு வீடாக அனுப்ப வேண்டும் என்று ஆனது.

அந்த வண்டியில் யார் யார் போகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நர்ஸ், ஆஷா பணியாளர், சில நாள் வார்டு மெம்பர். நர்ஸ் சிறுநீர்க் குழாயை மாற்றுவார், படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவார், எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று மருமகளுக்குக் காட்டிக்கொடுப்பார். அதே நேரத்தில் பென்ஷன் வருகிறதா, ரேஷன் கார்டில் சிக்கலா, வாசற்படியில் சரிவு போட்டால் சக்கர நாற்காலி இறங்குமா என்ற பேச்சும் நடக்கும். கேரளத்தில் முதியோர் பென்ஷனுக்கு அனுமதி கொடுப்பது பஞ்சாயத்துதான். பாதைக்குக் கான்கிரீட் போடுவதும் அதே பஞ்சாயத்துதான். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று மருந்து. சுகாதாரத் துறையிடம் ஒன்றுதான் இருக்கிறது. நம் ஊரில் அதே பென்ஷனுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், பாதைக்கு யூனியன் ஆபீஸ், மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம். நடக்கவே முடியாதவருக்கு மூன்று ஆபீஸ்!

எல்லாப் பஞ்சாயத்திலும் இது ஒரே மாதிரி நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல மெம்பர் இருக்கிற இடத்தில் வண்டி வாரம் தவறாமல் போகும், மற்ற இடத்தில் மாதம் ஒன்றிரண்டு நாள். நிதி தாமதமானால் முதலில் நிற்பதும் வண்டிதான். ஆனால் நின்றால் கேட்பதற்கு ஊரிலேயே ஆள் இருக்கிறார், அவர் வீடு எது என்றும் தெரியும்.

தமிழ்நாடும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்தவர்களுக்கு நர்சும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. மாநில அரசு ஒரே மூச்சில் எத்தனை தூரம் எட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தப் பெண்ணின் பட்டியல் மேலே போகிறது, பக்கத்தில் இருக்கிற ஊராட்சி அலுவலகத்துக்கு வருவதில்லை. அவர் நுழைகிற வீட்டு வாசலில் பைப் உடைந்து சாக்கடையோடு கலந்துகொண்டிருந்தாலும், அதை யாரிடம் சொல்வது என்பது அவர் வேலைக்குள் வராது.

இங்கே பழசு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைக்கு நாம் பெருமைப்படுகிற பள்ளி உணவின் தொடக்கம் எங்கே என்று தேடினால், அது கோட்டையில் இல்லை. 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன்னுடைய பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாத செலவு. பசியோடு இருக்கிற பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்த மன்றம் எடுத்த முடிவு அது. சென்னை மாநகராட்சி இன்றும் தனக்கென்று டாக்டர்களையும் நகர்ப்புற சுகாதார நிலையங்களையும் வைத்திருக்கிறது. 2020 கொரோனாவில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கவும் தெருமுனையில் முகாம் போடவும் அந்த ஏற்பாடு கைகொடுத்தது. கிராம ஊராட்சிக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அதற்காகப் பெரிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஒவ்வொரு ஊரிலும் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக்கு ஒரு குழு இருக்க வேண்டும். இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிவைக்காத நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாயும் உண்டு. பல ஊர்களில் அது நர்ஸம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற நோட்டாகவே இருக்கிறது. அந்தக் குழுவை மாதம் ஒரு தடவை நிஜமாகவே உட்காரவைக்கலாம். நர்ஸம்மா, சுகாதார ஆய்வாளர், அங்கன்வாடி டீச்சர், டேங்க் ஆபரேட்டர், மாத்திரை கொண்டுபோகிற பெண், வார்டு உறுப்பினர்கள். இந்த மாதம் வயிற்றுப்போக்கு எந்தத் தெருவில் என்று நர்ஸம்மா சொன்னால், அந்தத் தெரு லைன் எங்கே உடைந்திருக்கிறது என்று ஆபரேட்டர் சொல்லிவிடுவார். இரண்டு பேருக்கும் தெரிந்ததை ஒரு மேசைக்குக் கொண்டுவர அரசாணை வேண்டாம், ஒரு கேன் டீ போதும். கடைசிக் குழாயில் பார்த்த குளோரின் அளவை, தொட்டித் தூணில் சுத்தம் செய்த தேதி எழுதுகிற இடத்துக்குக் கீழேயே எழுதலாம். பிளீச்சிங் பவுடரை 25 கிலோ மூட்டையாக வாங்காமல் சின்னப் பைகளாக வாங்கி, மூடிபோட்ட டப்பாவில் வைக்கலாம்.

போன வருடம் சொந்தக்காரர் ஊரில் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் டாக்டர் கேள்வி வந்து, வழக்கம்போல் பதிலும் வந்தது. கூட்டம் கலைகிற நேரத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து, "தண்ணியில மருந்து பாக்கற பெட்டி ஒண்ணு குடுத்தாங்களே, அத எடுத்துக் காட்டுங்க" என்றார். எப்போதோ பயிற்சியில் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. செயலர் பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் தேடி எடுத்துவந்தார். பெட்டி புதிதாகவே இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பாட்டிலில் இருந்த மருந்துக்குத் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்குங்க. அடுத்த கூட்டத்துக்கு எங்க தெருத் தண்ணியக் குடத்துல கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மான நோட்டில் அது ஏறியதா என்று நான் பார்க்கவில்லை.